டிரைடென்ட் டி160 மறுசீரமைப்பு: ஆயில் கூலரை மாற்றும்போது என்ன செய்ய வேண்டும், ஏன்

1968-ல் பிஎஸ்ஏ-டிரையம்ப் குழுமம் இறக்கிய மூன்று சிலிண்டர் வண்டிகள் இரண்டு: டிரையம்ப் டிரைடென்ட், பிஎஸ்ஏ ராக்கெட் 3. இரண்டிலும் ஆயில் கூலர், அதாவது எண்ணெயைக் காற்றில் குளிர்விக்கும் சிறு ரேடியேட்டர், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தக் காலத்தில் அது அபூர்வம். காற்றால் குளிரும் 740 சிசி எஞ்சின், 67 மி.மீ. துளை, 70 மி.மீ. ஸ்ட்ரோக், 58 குதிரைத்திறன். நடுச் சிலிண்டருக்கு இரு பக்கமும் சூடான அண்டை வீடுகள். எண்ணெயும் வெப்பத்தைச் சுமந்து வெளியே கொண்டுபோனால்தான் கணக்கு சரிவரும் என்று வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1975-ம் ஆண்டு மாடலான டி160 இந்த வரிசையின் கடைசி வண்டி. செல்ஃப் ஸ்டார்ட், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், முன்புறம் சாய்ந்த சிலிண்டர்கள் என்று நிறைய மாறின. எண்ணெய் ஓடும் வழி மட்டும் அடிப்படையில் அதேதான்.

பல ஆண்டு ஓடாமல் நின்ற டி160 ஒன்றை முழுதாகப் பிரித்து எழுப்பும் வேலையில் கூலரை மேம்படுத்துவதைத்தான் இங்கே பார்க்கிறோம். 'பெரிய கூலர் போட்டால் எஞ்சின் குளிர்ந்துவிடும்' என்ற எண்ணத்தோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் பணத்தைப் போடுகிறார்கள். இந்த வேலையில் முதல் கேள்வி பழைய கூலருக்குள் என்ன கிடக்கிறது என்பது. எண்ணெய் தடையில்லாமல் டாங்க் வரை திரும்புகிறதா என்பது அடுத்தது. கூலரின் அளவு அதற்கெல்லாம் பிறகுதான்.

எண்ணெய் போகும் வழி

டி160 டிரை சம்ப் எஞ்சின். எண்ணெய் தனி டாங்கில் இருக்கும். பம்பின் ஒரு பகுதி டாங்கிலிருந்து எண்ணெயை இழுத்து, அழுத்தத்தோடு கிராங்க்கின் பேரிங்குகளுக்குத் தள்ளுகிறது. வேலை முடித்து அடியில் வடியும் எண்ணெயை பம்பின் இன்னொரு பகுதி உறிஞ்சி டாங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. கூலர் இருப்பது இந்தத் திரும்பும் வழியில். வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களுக்கான மெல்லிய குழாயும் இதே திரும்பும் வழியிலிருந்துதான் கிளை பிரிகிறது.

கூலரை டாங்குக்கும் பம்புக்கும் இடையில், அதாவது இழுக்கும் வழியில், ஒருபோதும் வைக்கக் கூடாது. அங்கே எண்ணெய் வருவது டாங்கின் உயரத்தாலும் பம்பின் சிறு உறிஞ்சலாலும் மட்டும். குளிர்ந்த 20டபிள்யூ-50 (கெட்டித்தன்மையைக் குறிக்கும் தரம்) எண்ணெய் கூலரின் மெல்லிய குழாய்களுக்குள் நுழையத் திணறும். அந்தப் பக்கத்தில் ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் பம்ப் வெறுமனே சுற்றும், கனெக்டிங் ராடும் கிராங்க்கும் சேரும் இடத்திலுள்ள பிக் எண்டு பேரிங் சில நிமிடங்களில் போய்விடும். திரும்பும் வழியில் அதே குமிழி வந்தால் டாங்குக்கு எண்ணெய் சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவே. ஆனால் இந்த வழி அடைபட்டால் வேறு விதமான கேடு: கிராங்க்கேஸில் எண்ணெய் நிரம்பும், சைலன்சரில் நீலப் புகை வரும், ராக்கர்கள் காயும்.

பழைய கூலரைத் தூக்கிப் போடுங்கள்

இந்த வேலையின் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

எஞ்சின் எப்போதாவது ஒருமுறை பேரிங் உருகி நின்றிருந்தால், அந்த உலோகப் பொடியை முதலில் வாங்கிக்கொண்டது கூலர்தான். உறிஞ்சும் பம்ப் அடியில் கிடப்பதை எண்ணெயோடு சேர்த்து நேராகக் கூலருக்குள் தள்ளுகிறது. அடிச் சல்லடை பெரிய துண்டுகளை மட்டும் நிறுத்தும். பேரிங்கின் மெல்லிய உள்தகடான ஷெல்லிலிருந்து உரிந்த மெல்லிய சாம்பல் நிறச் செதில்கள் தாராளமாகக் கடந்துபோகும். கூலரின் குழாய்களுக்குள் எண்ணெயின் வேகம் குறைகிறது. வேகம் குறையும் இடத்தில் கனமானது படியும். பல குழாய்களில் எண்ணெய் சுலபமாக ஓடுவதையே தேர்ந்தெடுக்கும் என்பதால், அடைபட்ட குழாயில் ஓட்டமே நின்று கசடு அப்படியே இறுகிவிடும்.

அதே கூலரைப் புது எஞ்சினோடு இணைத்தால் என்ன ஆகும்? புது எண்ணெயில் அழுக்கைக் கரைக்கும் சேர்க்கைப் பொருட்கள் உண்டு. சூடேறிய எண்ணெய் பழைய கசடை மெல்ல மெல்ல இளக்கும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் அது டாங்குக்கு வரும், அங்கிருந்து மறுபடி பம்புக்கு. ராக்கர் கிளைக்கோ நடுவில் வடிகட்டி எதுவும் இல்லை. இரண்டாம் முறை பேரிங் போனதும் பட்டறையைக் குறை சொல்வார்கள், ஷெல்லைக் குறை சொல்வார்கள். உண்மையில் பழைய எஞ்சினின் சாவைப் புது எஞ்சினுக்கு ஏற்றியது கூலர்.

கழுவித் துடைத்துவிடலாமே என்று தோன்றும். மண்ணெண்ணெயையும் கம்பிரஸர் காற்றையும் வைத்து ஒரு வழியில் ஊதினால், அந்தத் திரவமும் திறந்திருக்கும் குழாய்களில்தான் ஓடும். அடைபட்டதைத் தொடவே தொடாது. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் கொஞ்சம் கூடுதலாக வரும், முழுதாக வந்தது என்பதற்கு உறுதி கிடையாது. உள்ளே பார்க்க முடியாத பொருளைச் சுத்தம் என்று சொல்ல எந்தச் சோதனையும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. வண்டியின் வரலாறு தெளிவாகத் தெரியும், எஞ்சின் ஒருபோதும் உருகியதில்லை, கண்காட்சிக்காக அசல் கூலரே வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம். மண்ணெண்ணெயை நிரப்பி ஒரு நாள் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். பிறகு எண்ணெய் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் அடித்துக் கழுவி, வெளியே வருவதை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். துணியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் எஃகு. ஒட்டாமல், நகத்தால் அழுத்தினால் நசுங்கும் சாம்பல் மினுக்கு பேரிங் ஷெல். மினுக்கு ஒன்றே ஒன்று தென்பட்டாலும் அந்தக் கூலர் சுவரில் மாட்டத்தான். தொடர்ந்து மூன்று முறை துணி சுத்தமாக வந்தால் ஓட்டத்தைச் சோதியுங்கள்: ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அரை லிட்டர் மண்ணெண்ணெய் பழைய கூலர் வழியாக வடிய எத்தனை விநாடி, அதே அளவுள்ள புதுக் கூலரில் எத்தனை விநாடி என்று ஒப்பிடுங்கள். பழையது தெளிவாக மெதுவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது.

கூலரோடு பழைய ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும். உள் அடுக்கு உரிந்து மடல்போல் தொங்கும். வெளியே தொட்டால் நன்றாகவே தெரியும். எண்ணெய் டாங்கைக் கழற்றி, உள்ளிருக்கும் சல்லடையை எடுத்து, மூலைகளில் கெட்டியான கசடைச் சுரண்டிக் கழுவ வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் உள் எண்ணெய் வழிகளும் ராக்கர் குழாயும் இதே கணக்கில் சேரும். ஒன்றை விட்டாலும் மற்றவற்றைச் சுத்தம் செய்தது வீண்.

சூடு உண்மையில் எங்கிருந்து?

பெரிய கூலர் தேவையா என்று முடிவெடுக்கும் முன் எண்ணெயின் வெப்பத்தை அளக்க வேண்டும். டாங்க் மூடியில் பொருந்தும் டிப்ஸ்டிக் தெர்மாமீட்டர் போதும். கூலருக்குள் போகும் முனையிலும் வெளிவரும் முனையிலும் தெர்மோகப்பிள் கட்டினால் இன்னும் நல்லது. இன்ஃப்ராரெட் துப்பாக்கியைப் பளபளக்கும் அலுமினியத்தில் காட்டாதீர்கள், உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் காட்டுங்கள்.

அரை மணி நேரச் சாலை ஓட்டத்துக்குப் பிறகு டாங்கில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் இருந்தால் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. 120-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டும். 130-ல் 20டபிள்யூ-50 எண்ணெயின் பிசுபிசுப்பு 100 டிகிரியில் இருந்ததில் ஏறத்தாழ பாதி. பிக் எண்டு ஷெல்லுக்கும் கிராங்க்குக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப் படலமும் அதற்கேற்ப மெலியும். மறுமுனையில், 80-க்குக் கீழேயே எப்போதும் ஓடும் எண்ணெயும் நல்லதல்ல. எரிதலில் வரும் நீராவி எண்ணெயில் கலந்து வெளியேறாமல் தங்கும். டாங்க் மூடியின் அடியில் மோர் திரிந்தது போல வெளிர் மஞ்சள் நுரை கண்டால் அதுதான்.

120-க்கு மேல் போகும் டிரைடென்டில் கூலரைத் தொடும் முன் இக்னிஷனைப் பாருங்கள். முழு அட்வான்ஸில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கிராங்க் கோணத்தில் 38 டிகிரி முன்னால் பொறி விழ வேண்டும். பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் மூன்று சிலிண்டருக்கும் தனித்தனி என்பதால் மூன்றையும் ஸ்ட்ரோப் விளக்கில் பார்க்க வேண்டும்; ஒன்றைச் சரிசெய்து மற்றவை சரியாக இருக்கும் என்று விடுவதால்தான் ஒரு சிலிண்டர் மட்டும் கொதிக்கிறது. மூன்று ஆமல் கார்புரேட்டர்களும் ஒன்றாகத் திறக்கின்றனவா, பழைய ஜெட்டுகள் அடைந்து கலவை வறண்டிருக்கிறதா, ஹெட்டின் துடுப்புகளுக்கிடையே அடுக்கடுக்காகப் பெயின்ட் பூசியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் குறைகள் ஏற்றும் சூட்டை எந்தக் கூலராலும் இறக்க முடியாது.

எத்தனை வரிசை?

கூலரின் வேலையைக் கணக்கிட ஓட்டம் தெரிய வேண்டும். எஞ்சின் சூடான பிறகு, திரும்பும் குழாயை அளவு குறித்த ஜாடிக்குள் விட்டு, நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 15 விநாடி பிடித்து நான்கால் பெருக்குங்கள். நுரை அடங்கிய பிறகு அளவைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்கு 0.87 கிலோ, வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு டிகிரிக்கு சுமார் 2 கிலோஜூல். கூலரில் எண்ணெய் 10 டிகிரி இறங்கினால் வெளியே போகும் வெப்பம் 1.7 கிலோவாட். பெரிய மின்சாரக் கெட்டில் ஒன்றின் வேலை அது.

கூலரின் அளவைச் சொல்வது அதிலுள்ள குழாய் வரிசைகளின் எண்ணிக்கை. வரிசையை இரட்டிப்பாக்கினால் இந்த எண் இரட்டிப்பாகாது. அதே ஓட்டம் அதிகக் குழாய்களில் பிரிவதால் ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து, எண்ணெய் குழாய்ச் சுவரை உரசாமல் நடுவில் நழுவிப் போகும். வெளியே உள்ள காற்றும் ஒரு காரணி. எண்ணெய் 110, காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 90. காற்று 38 என்றால் 72. அதே கூலர் வெயில் நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே வேலை செய்யும். 10 வரிசையா 13 வரிசையா என்ற தயக்கத்தைத் தீர்க்க இந்தக் கணக்கு உதவும்.

சாலை வண்டிக்கு 10 வரிசை போதும். வெப்ப நாட்டிலோ, இருவர் அமர்ந்து நெடுந்தூரம் போவதற்கோ 13. அதற்கு மேல் போகாதீர்கள். காரணம் கூலர் உட்காரும் இடம். பெட்ரோல் டாங்கின் மூக்குக்குக் கீழே, ஃபோர்க்குக்குப் பின்னால் இருக்கும் அந்த இடத்தில் உயரமான கூலரைத் தொங்கவிட்டால் அது ஹெட்டுக்குப் போகும் காற்றை மறைக்கும். கூலரைக் கடந்து வரும் காற்றும் ஏற்கெனவே சூடானது. அந்தச் சூட்டுக் காற்றை நேராக வாங்குவது எல்லாவற்றிலும் சூடான நடுச் சிலிண்டர். எண்ணெய் ஐந்து டிகிரி இறங்கி, நடு ஹெட் அதைவிடக் கூடுதலாக ஏறினால் யாருக்கு லாபம்? 19 வரிசைக் கூலரை மாட்டிய டிரைடென்ட் கண்ணுக்குப் பந்தய வண்டி போல இருக்கும், ஆனால் எஞ்சினுக்கு அது நல்லதல்ல.

மோகால், செட்ராப் நிறுவனங்களின் கூலர்கள் குறுகிய உடல், அகலமான உடல் என இரண்டு விதத்தில் கிடைக்கும். மோகாலில் குறுகியது 115 மி.மீ., அகலமானது 235 மி.மீ. ஃபிரேமின் இடைவெளி, ஃபோர்க் முழுதாகத் திரும்பும்போது உள்ள இடைவெளி, ஸ்பிரிங் கழற்றி ஃபோர்க்கை முழுக்க அழுத்தினால் மட்கார்டு எங்கே வருகிறது ஆகிய மூன்றையும் அட்டையில் வெட்டிய மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். பெட்ரோல் டாங்கையும் ஹாரனையும் பொருத்திவிட்டுப் பார்க்க வேண்டும். டாங்க் இல்லாமல் அளந்து, பிறகு டாங்க் உட்காராமல் பிராக்கெட்டை மறுபடி வெட்டியவர்கள் பலர்.

மரைகளில் உள்ள கண்ணி

இங்கிலாந்துக் கூலர்கள் பெரும்பாலும் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய் மரையோடு வரும், அமெரிக்க வகை ஃபிட்டிங்குகள் யுஎன்எஃப் என்ற அமெரிக்க மரையோடு. கூலரை ஒரு கடையிலும் ஃபிட்டிங்கை இன்னொரு கடையிலும் வாங்கினால் இரண்டும் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மோசமான ஜோடி ஒன்று உண்டு. 5/8 பிஎஸ்பி மரையின் வெளிவிட்டம் 22.91 மி.மீ., அங்குலத்துக்கு 14 புரி. ஏஎன் என்ற அமெரிக்க அளவு வரிசையில் வரும் ஏஎன்-10 ஃபிட்டிங்கின் 7/8 யுஎன்எஃப் மரை 22.23 மி.மீ., அதிலும் அங்குலத்துக்கு அதே 14 புரி. ஆகவே இரண்டாவது முதலாவதற்குள் சுகமாகச் சுற்றிப் போகும், சற்றே ஆடும், ஆனால் இறுகியது போலவே தோன்றும். புரியின் கோணமும் வேறு: ஒன்று 55 டிகிரி, மற்றது 60. பிடித்திருப்பது புரிகளின் நுனி மட்டும். அதிர்விலும் சூட்டிலும் ஒரு நாள் மரை உரிந்து, மொத்த எண்ணெயும் எஞ்சின் மேலும் பின் டயர் மேலும் கொட்டும்.

1970-ல் பிரான்ஸின் போல் டோர் 24 மணிப் பந்தயத்தில் பம்ப் கோளாறால் எண்ணெயில் குளித்த டிரைடென்டுக்குத்தான் 'ஸ்லிப்பரி சாம்' என்று பெயர் வந்தது. அதே வண்டி பிறகு 1971 முதல் 1975 வரை ஐந்து ஆண்டும் ஐல் ஆஃப் மேன் தீவின் புரொடக்ஷன் டிடி பந்தயத்தை வென்றது. பின் டயரில் எண்ணெய் விழுந்தால் சாலையில் அப்படி இரண்டாம் வாய்ப்பு கிடைப்பது அரிது.

அதனால் வெர்னியர் காலிப்பரும் மரை அளவியும் வைத்து ஒவ்வொரு முனையையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 1/2 பிஎஸ்பி 20.96 மி.மீ.; ஏஎன்-8 என்றால் 3/4 யுஎன்எஃப், 19.05 மி.மீ., 16 புரி. ஏஎன்-6 என்றால் 9/16 யுஎன்எஃப், 18 புரி. பிஎஸ்பி நேர் மரையில் கசிவை அடைப்பது மரை அல்ல, தோளில் உட்காரும் ரப்பர் ஒட்டிய டௌட்டி வாஷர். ஏஎன் ஃபிட்டிங்கில் அடைப்பது 37 டிகிரிக் கூம்பு. இரண்டிலும் டெஃப்லான் டேப்புக்கு வேலையே இல்லை. சுற்றினால் பிய்ந்த இழைகள் ராக்கர் துளைகளைத் தேடிப் போகும்.

ஹோஸ்

உள் விட்டம் எங்கேயும் பழைய குழாயைவிடக் குறையக் கூடாது. எஞ்சினிலும் டாங்கிலும் உள்ள முனைகளின் துளையை அளந்து, அதற்குச் சமமாகவோ சற்றுப் பெரிதாகவோ எடுங்கள். ஏஎன்-8 ஹோஸின் துளை சுமார் 11 மி.மீ., இந்த வேலைக்குப் பொருத்தம். ஏஎன்-6-ன் துளை 9 மி.மீ.-க்கும் குறைவு, திரும்பும் எண்ணெய் காற்றோடு கலந்து வருவதால் அதன் கன அளவு கூடுதல், குறுகிய ஹோஸ் பின்னழுத்தத்தை ஏற்றும். 90 டிகிரி முனைகளில் துளையிட்டுச் செய்தவற்றைவிட வளைந்த குழாயாகச் செய்தவை நல்லது.

கடையில் கறுப்பாகக் கிடைக்கும் எல்லா ரப்பரும் எண்ணெய்க்கு ஆகாது. ரேடியேட்டருக்கான இபிடிஎம் ரப்பர் எண்ணெயில் ஊறி வீங்கிக் குழைந்துபோகும். நைட்ரைல் உள் அடுக்கு கொண்ட, எண்ணெய்க்கென்று வெப்ப அளவு அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். அசல் தோற்றத்துக்காகச் சாதா ரப்பரும் கிளிப்பும் போடுவதானால், பட்டையில் ஓட்டை வெட்டிய கிளிப்பைத் தவிர்த்து, உட்புறம் வழவழப்பான பட்டைக் கிளிப்பை எடுங்கள். ஓட்டை உள்ளது ரப்பரை அறுக்கும்.

ஸ்டீல் பின்னல் ஹோஸை வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, நுண்பல் பிளேடால் டேப்பின் நடுவே அறுங்கள். அறுத்த பிறகு உள்ளே இரண்டு பக்கமிருந்தும் காற்றடித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மறுபடி காற்றடிக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த எஞ்சினுக்குள் எஃகுத் தூளைப் போடும் கடைசி வாய்ப்பு இதுதான். ஃபிட்டிங்கின் வெளி உறையான சாக்கெட்டுக்குள் ஹோஸை நுழைத்ததும் விளிம்பில் டேப்பால் அடையாளம் ஒட்டுங்கள். ஹோஸின் உள்ளே போகும் நிப்பிளைத் திருகும்போது ஹோஸ் பின்னால் தள்ளப்பட்டால் அடையாளம் விலகுவதில் தெரியும். பின்னல் ஹோஸ் எங்கே உரசினாலும் அரம் போல அறுக்கும், ஃபிரேமின் பெயின்டையும் வயரிங்கையும் சேர்த்து. உரசும் இடமெல்லாம் ரப்பர் உறை தேவை.

ஃபிட்டிங்கை இறுக்கும்போது கூலரின் வாயை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பானரால் நட்டைத் திருப்புங்கள். ஒரே ஸ்பானரில் இறுக்கினால் கூலரின் வாய் உடலோடு சேரும் இடத்தில் முறுக்கு ஏறி, மயிரிழை விரிசல் விடும். புதுக் கூலர் ஒரு மாதத்தில் கசிகிறது என்ற புகாரில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்க முடிகிறது.

தெர்மோஸ்டாட்

எண்ணெயின் வெப்பத்துக்கேற்பக் கூலர் வழியைத் திறந்து மூடும் வால்வு இது. டி160-ன் தொழிற்சாலை அமைப்பில் கிடையாது. மேம்பாடு என்று ஒன்றைச் செய்வதானால், வரிசையைக் கூட்டுவதைவிட இதைச் சேர்ப்பதே மேல். 20 டிகிரியில் 20டபிள்யூ-50 எண்ணெய், சூடான எண்ணெயைவிட இருபது மடங்குக்கும் மேல் கெட்டி. காலையில் கிளப்பியதும் இந்தக் கெட்டி எண்ணெயைக் கூலர் வழியாகத் தள்ளப் பம்ப் சிரமப்படுகிறது. நான்கு வாய் கொண்ட தெர்மோஸ்டாட் இருந்தால், குளிர்ந்த எண்ணெய் கூலரைத் தொடாமல் நேராக டாங்குக்குப் போகும். சுமார் 80 டிகிரியில் அது கூலர் வழியைத் திறக்கத் தொடங்கும். நல்ல தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் சிறிதளவு எண்ணெயைக் கூலருக்குள் கசியவிடும். அதனால் கூலர் காலியாக இருக்காது, திறக்கும் நொடியில் பனிக்கட்டி போன்ற எண்ணெய் ஒரேயடியாக வந்து விழாது.

வாய்களை மாற்றி இணைத்தால் வேலை செய்யாது. பொருத்தும் முன் கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தில் போட்டு, சூடாக இருக்கும்போதும் ஆறிய பிறகும் வாயால் ஊதிப் பார்த்து, எந்த வாய் எதோடு திறக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு நன்றாக உலர்த்த வேண்டும்.

திரும்பும் வழியில் ஸ்பின்-ஆன், அதாவது திருகி மாட்டும், வடிகட்டி ஒன்றையும் சேர்ப்பதானால் அதன் இடம் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால். அப்போதுதான் புதுக் கூலருக்குள் துகள் நுழையாது, ராக்கருக்கும் வடிகட்டிய எண்ணெய் போகும். உள்ளே பைபாஸ் வால்வு உள்ள வடிகட்டியாக இருப்பது கட்டாயம். குளிரில் காகிதம் வழிவிடாதபோது எண்ணெய்க்கு வேறு பாதை வேண்டும்.

பொருத்துதல்

கூலரின் இரண்டு வாய்களும் மேல்நோக்கி இருக்கட்டும். பக்கவாட்டில் வைக்க நேர்ந்தால் எண்ணெய் கீழ் வாயில் நுழைந்து மேல் வாயில் வெளியேற வேண்டும். கீழ்நோக்கி வைத்தால் மேல்பகுதியில் காற்று தேங்கி, அந்த வரிசைகள் சும்மா இருக்கும். டிரை சம்ப் வண்டியில் திரும்பும் எண்ணெயோடு எப்போதும் காற்று வருவதால் இந்தத் தவறு தானாகச் சரியாகாது.

பிராக்கெட்டுக்கும் கூலருக்கும் நடுவே எம்6 ரப்பர் பாபின் நான்கு. இரும்போடு இரும்பாக இறுக்கிய கூலரின் காதுகள் அதிர்வில் உடையும். ஹோஸில் சற்றுத் தளர்வு வேண்டும், கூலரின் எடையை ஹோஸ் தாங்கக் கூடாது. ராக்கர் கிளை தொழிற்சாலையில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் தாமிர வாஷர்களைச் சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டு மென்மையாக்கிப் பிறகு பயன்படுத்துங்கள், அல்லது புதிதாகப் போடுங்கள்.

எண்ணெய் ஏற்றுவதும் முதல் ஓட்டமும்

கூலரையும் ஹோஸ்களையும் பொருத்தும் முன்பே எண்ணெயால் நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று அளந்து எழுதிவையுங்கள். 11 மி.மீ. ஹோஸ் ஒரு மீட்டருக்கு 95 மில்லி பிடிக்கும். வெறும் கூலரோடு கிளப்பினால் அது நிரம்பும்வரை டாங்கின் அளவு இறங்கும், ராக்கருக்கு எண்ணெய் போகத் தாமதமாகும். ராக்கர் பெட்டி மூடிகளைத் திறந்து உள்ளேயும் தாராளமாக எண்ணெய் விடுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை எஞ்சினைச் சுற்ற வேண்டும். செல்ஃப் மோட்டாருக்கு நடுநடுவே ஓய்வு கொடுங்கள். பிறகு பிளக்கைப் போட்டுக் கிளப்பி, டாங்க் மூடியைத் திறந்து திரும்பும் எண்ணெயைப் பாருங்கள். முதலில் கனமாக வரும், அடியில் தேங்கியது தீர்ந்ததும் குமிழியோடு விட்டுவிட்டு வரும். விட்டுவிட்டு வருவது சரியான அறிகுறி. உறிஞ்சும் பம்ப் தள்ளும் பம்பைவிடப் பெரியது என்பதன் அடையாளம். ஒரு நிமிடத்துக்குள் எதுவும் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். ராக்கர் குழாயின் டோம் நட்டைச் சற்றுத் தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியாமல் டாங்குக்கு மட்டும் வந்தால் அடைப்பு ராக்கர் கிளையில்.

சாலையில் இருபது நிமிடம் ஓடிய பிறகு கூலரின் இரு முனைகளையும் அளந்தால் நிறையத் தெரியும். உள்ளே போவது 95, வெளியே வருவது அதைவிடப் பத்து டிகிரி அளவில் குறைவு என்றால் எல்லாம் சரி. இரண்டும் ஒன்றாகச் சூடாக இருந்தால் காற்று கூலருக்குள் புகவில்லை. நம்பர் பிளேட்டோ ஹாரனோ மறைக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சூடு, வெளியே வெறும் வெதுவெதுப்பு, டாங்கில் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் கூலரில் ஓட்டம் குறைவு: காற்றுத் தேக்கமாக இருக்கலாம், மடிந்த ஹோஸாக இருக்கலாம். இரண்டு முனையும் குளிர்ந்து, டாங்க் மட்டும் 110-ஐத் தாண்டினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது வாய்கள் மாறிவிட்டன.

எண்ணெய் அளவைப் பார்ப்பது எப்போதும் ஓட்டி நிறுத்திய சில நிமிடங்களுக்குள். பல நாள் நின்ற வண்டியில் டாங்கின் எண்ணெய் பம்ப் வழியாக மெல்லக் கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும். அப்போது அளவு குறைவென்று ஊற்றினால் கிளப்பியதும் டாங்க் வழியும்.

முதல் எண்ணெயை 150 கிலோமீட்டரில் சூடாக வடித்து, அதே வெள்ளைத் துணி வழியாகப் பிடியுங்கள். புது எஞ்சின் பழகும்போது நுண்ணிய சாம்பல் தூள் இயல்பு. விரலில் தட்டுப்படும் செதில் இயல்பல்ல; கண்டால் சல்லடையையும் வடிகட்டியையும் பிரித்துப் பாருங்கள். 800 கிலோமீட்டரில் இரண்டாம் முறை மாற்றும்போது ரப்பர் பாபின்களையும் ஹோஸ் உரசும் இடங்களையும் சோதித்து, ஃபிட்டிங்குகளை இரண்டு ஸ்பானர் பிடித்து ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.